காசு போட்டால்தான் விளக்கு எரியும்!

சாவியைப் போட்டால் பூட்டு திறக்கும். இது எல்லோருக்கும் தெரிந்த விஷயம்.

பிரிட்டனில் சாவியைப் போட்டால் விளக்கு எரியும்! போடாவிட்டால் வீடு இருண்டு போகும்!

இது விடுகதை அல்ல. பிரிட்டனில் 40 லட்சத்துக்கு மேற்பட்ட குடும்பங்கள் இப்படித்தான் வாழ்கின்றன. விளக்கு, அடுப்பு, கணப்பு, வெந்நீர் எல்லாவற்றுக்கும் அவர்கள் முன்கூட்டியே பணம் கட்ட வேண்டும். பணம் தீர்ந்தால் எல்லாம் நின்றுவிடும்.

அதுகூடப் பரவாயில்லை. முன்பணம் கட்டும் இந்த ஏழைகளிடம், பின்னால் பணம் கட்டும் வசதி உள்ளவர்களைவிட அதிக விலை வாங்கினார்கள். ஒரு நாள், இரண்டு நாள் அல்ல. பல ஆண்டுகள்!

கடைக்குப் போகும் சாவி

நம் வீட்டில் என்ன வழக்கம்? முதலில் மின்சாரத்தைச் செலவழிக்கிறோம். பிறகு கணக்கெடுக்க ஆள் வருகிறார். அதன் பிறகு பணம் கட்டுகிறோம்.

பிரிட்டனிலும் பெரும்பாலான வீடுகளில் பின்னால் கட்டும் வழக்கம்தான். மாதா மாதம் பாங்கியிலிருந்து பணம் தானாகவே கம்பெனிக்குப் போய்விடும்.

ஆனால், "முன்பண மீட்டர்" வைத்த வீடுகளின் கதை வேறு. அந்த வீட்டில் ஒரு சிறு பிளாஸ்டிக் சாவி இருக்கும். வீட்டுக்காரி அதை எடுத்துக்கொண்டு தெருக்கோடிக் கடைக்குப் போவாள். 5 பவுண்டோ, 10 பவுண்டோ கொடுப்பாள். கடைக்காரர் சாவியை ஓர் இயந்திரத்தில் செருகுவார். பணம் சாவியில் ஏறிவிடும். வீட்டுக்கு வந்து அதை மீட்டரில் செருகினால், அந்தத் தொகை மீட்டரில் தெரியும்.

பிறகு அது குறைந்துகொண்டே வரும். தண்ணீர் கொதிக்க வைத்தால் குறையும். துணி துவைத்தால் குறையும். குழந்தை குளித்தால் குறையும். பூஜ்யத்துக்கு வந்தால், "டக்" என்று நின்றுவிடும்!

மின்சாரத்துக்குச் சாவி என்றால், கியாசுக்கு ஓர் அட்டை. அங்கே சமையலுக்கும், வீட்டைச் சூடாக வைத்துக்கொள்வதற்கும் பெரும்பாலும் குழாயில் வரும் கியாஸ்தான்.

பணம் தீர்ந்தவுடன் மீட்டர் கொஞ்சம் கடன் கொடுக்கும். 5 பவுண்டு, 10 பவுண்டு, அவ்வளவுதான். இரவு நேரத்தில் பணம் தீர்ந்தால், பெரும்பாலும் விடியும் வரை நிறுத்த மாட்டார்கள். அடுத்த முறை பணம் போட்டதும் முதல் வேலையாக அந்தக் கடனைப் பிடித்துக்கொள்வார்கள்.

இந்த மீட்டர் யாருடைய வீட்டில் இருக்கிறது? வாடகை வீட்டில் குடியிருப்பவர்கள், குறைந்த கூலி வாங்குபவர்கள், பழைய கட்டணப் பாக்கி வைத்தவர்கள் ஆகியோரின் வீடுகளில்தான் அதிகம். "கையில் இருக்கும் காசுக்குத் தக்கபடி செலவு செய்யலாம். பெரிய பில் வந்து தலையில் விழாது" என்று சிலர் இதைத் தாங்களே கேட்டு வாங்குவதும் உண்டு. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஒரு பென்னிக்கு எவ்வளவு கியாஸ்?

இந்த ஏற்பாடு புதிது அல்ல. இதற்கு 130 ஆண்டுக்கு மேல் வயது!

1887-ம் ஆண்டில் பிரவுன்ஹில் என்பவர் நாணயம் போட்டால் இயங்கும் கியாஸ் மீட்டருக்கு உரிமை பெற்றார். 1892-ம் ஆண்டு முதல் தென் லண்டனில் ஒரு கியாஸ் கம்பெனி இதைத் தொழிலாளர் வீடுகளில் வைக்கத் தொடங்கியது. அதுவரை கியாஸ் விளக்கு பணக்காரர் வீட்டில்தான் எரிந்தது. ஒரு பென்னி நாணயம் போட்டால் ஏழை வீட்டிலும் எரியும் என்றதும், மக்கள் போட்டி போட்டுக்கொண்டு கேட்டு வாங்கினார்கள். அடுப்பும் குழாயும் கம்பெனியே கொண்டுவந்து வைத்தது.

இனாமாகவா? இல்லை! அந்தச் செலவையும் சேர்த்து, நாணய மீட்டர்காரர்களுக்குக் கியாஸ் விலையைக் கூட்டி வைத்தார்கள். ஏழைக்கு ஒரு விலை, மற்றவருக்கு ஒரு விலை என்ற பழக்கம் அன்றே பிறந்துவிட்டது.

பென்னி போய் ஷில்லிங் வந்தது. 1950-களிலும், 1960-களிலும் லண்டனில் அறை எடுத்துத் தங்கியவர்கள் எல்லோருக்கும் இந்த ஷில்லிங் மீட்டர் தெரியும். குளிர் காலத்தில் சட்டைப் பையில் ஷில்லிங் இல்லை என்றால் ராத்தூக்கம் இல்லை.

மீட்டர் பெட்டியைத் திறந்து காசு எடுக்கக் கம்பெனி ஆள் வருவார். சமையலறை மேஜை மீது நாணயங்களைக் கொட்டி எண்ணுவார். கணக்குப் பார்த்து, அதிகமாக வாங்கிய தொகையை வீட்டுக்காரியிடம் திருப்பிக் கொடுப்பார். அன்று குழந்தைகளுக்குக் கொண்டாட்டம்! ஆனால், திரும்பி வந்தது அவர்களுடைய சொந்தக் காசுதான்.

காசு இருக்கும் இடத்துக்குத் திருடனும் வருவான் அல்லவா? மீட்டர் பெட்டியை உடைத்துத் திருடுவது அங்கே சர்வ சாதாரணமாக இருந்தது. அதனால் நாணயம் போய், சாவியும் அட்டையும் வந்தன.

அதற்குள் இன்னொரு பெரிய மாறுதலும் நடந்தது. 1986-ல் கியாசையும், 1990-ல் மின்சாரத்தையும் அரசாங்கம் தனியாருக்கு விற்றது. கட்டணம் கட்டாத வீட்டின் இணைப்பைக் கம்பெனிகள் துண்டித்தால் ஊர் பேசும், பத்திரிகைகள் எழுதும். முன்பண மீட்டரை வைத்துவிட்டால்? கம்பெனி துண்டிக்க வேண்டியதே இல்லை! பணம் இல்லாதவர் தாமே துண்டித்துக்கொண்டதாகக் கணக்கு. துண்டிப்புகள் குறைந்துவிட்டன என்று புள்ளி விவரமும் காட்டலாம்.

முன்பணம் கொடுத்தவருக்கு அபராதமா?

விலைக்கு வருவோம்.

பிரிட்டனில் மின்சாரம், கியாஸ் விலையைக் கண்காணிக்க "ஆப்ஜெம்" என்ற அமைப்பு இருக்கிறது. ஒரு சாதாரண குடும்பம் ஓர் ஆண்டுக்குக் கட்டக்கூடிய உச்ச அளவை அது கணக்கிட்டு அறிவிக்கும்.

2021 அக்டோபரில் பாங்கி மூலம் கட்டுபவர்களுக்கு அந்த உச்ச அளவு 1,277 பவுண்டு. முன்பண மீட்டர்காரர்களுக்கு 1,309 பவுண்டு.

2022 ஏப்ரலில் உலகச் சந்தையில் கியாஸ் விலை ஏறியது. பாங்கி மூலம் கட்டுபவர்களுக்கு 1,971 பவுண்டு ஆயிற்று. முன்பண மீட்டர்காரர்களுக்கு 2,017 பவுண்டு!

முதலில் 32 பவுண்டு வித்தியாசம். பிறகு 46 பவுண்டு. எண்களைப் பார்த்தால் சிறிய தொகை போலத் தோன்றும். ஆனால், வாரத்துக்கு 10 பவுண்டு போட்டுக் காலம் தள்ளும் குடும்பத்துக்கு அது ஒரு மாத வெளிச்சம்.

கம்பெனிகள் என்ன காரணம் சொல்லின? "சாவி, அட்டை செய்யச் செலவு. கடைக்காரருக்குக் கமிஷன். மீட்டர் கெட்டுப் போனால் உடனே ஆள் அனுப்ப வேண்டும். ஆகவே செலவு கூடுதல்" என்றன. இது பொய் அல்ல. செலவு உண்டுதான்.

ஆனால், கணக்கில் இன்னொரு பக்கமும் இருக்கிறதே! மற்றவர்கள் எரித்த பிறகு பணம் கொடுக்கிறார்கள். இவர்கள் எரிப்பதற்கு முன்பே கொடுக்கிறார்கள். இவர்களிடம் கம்பெனிக்குப் புதிய பாக்கி விழாது. வசூலுக்கு அலைய வேண்டாம். எந்தக் கடையிலும் ரொக்கம் கொடுப்பவருக்கு இரண்டு காசு குறைப்பார்கள். கடன் சொல்பவருக்குத்தான் கூட்டுவார்கள். இங்கே எல்லாம் தலைகீழ்!

வேறு விதமாகச் செய்ய முடியாதா என்று கேட்டால், அதற்குப் பதில் வெகு தூரத்தில் இல்லை. வட அயர்லாந்து கடலுக்கு அந்தப் பக்கம்தான் இருக்கிறது. அதே ராஜ்யத்தைச் சேர்ந்தது. அங்கேயும் முன்பண மீட்டர் உண்டு. கடையில் பணம் கட்டினால் 20 இலக்கம் உள்ள ஓர் எண் கொடுப்பார்கள். வீட்டுக்கு வந்து மீட்டரின் பொத்தான்களில் அந்த எண்ணை அழுத்த வேண்டும். அங்குள்ள பெரிய மின்சாரக் கம்பெனி முன்பணம் கட்டுபவர்களுக்கு 2.5 சதவீதம் தள்ளுபடி கொடுத்தது! அதனால் ஏழை, பணக்காரர் என்று பாராமல் பலரும் அந்த மீட்டரை விரும்பி வைத்துக்கொண்டார்கள்.

10 விநாடிக்கு ஒருவர்

2022-ம் ஆண்டுக் குளிர் காலத்தைப் பிரிட்டன் மக்கள் எளிதில் மறக்க மாட்டார்கள். ரஷ்யா - உக்ரைன் போரினால் கியாஸ் விலை வானத்துக்குப் போய்விட்டது.

பாங்கி மூலம் மாதா மாதம் கட்டுபவர்களுக்கு ஒரு சௌகரியம் உண்டு. ஆண்டுச் செலவைப் பன்னிரண்டாகப் பிரித்துக் கட்டலாம். வெயில் காலத்தில் சேர்ந்த பணம் குளிர் காலத்துக்கு உதவும். முன்பண மீட்டரில் அது நடக்காது. ஜனவரியில் கணப்பு எரிய வேண்டும் என்றால் ஜனவரியிலேயே பணம் போட வேண்டும். ஆண்டிலேயே அதிகச் செலவு பிடிக்கும் மாதம், கையில் பணம் இல்லாத மாதமாகவும் இருக்கும்.

அரசாங்கம் ஒவ்வொரு குடும்பத்துக்கும் 400 பவுண்டு உதவி அறிவித்தது. மற்றவர்களுக்கு அது தானாகவே கணக்கில் சேர்ந்தது. பழைய முன்பண மீட்டர்காரர்களுக்கோ மாதா மாதம் சீட்டு அனுப்பினார்கள். அதைக் கடைக்குக் கொண்டுபோய் மாற்றிக்கொள்ள வேண்டும். சிலருக்குச் சீட்டு வரவில்லை. சிலர் ஏதோ விளம்பரத் தாள் என்று தூக்கிப் போட்டுவிட்டார்கள். பல லட்சம் சீட்டுகள் மாற்றப்படாமலேயே போயின. யாருக்கு உதவி அவசரமாகத் தேவையோ, அவர்களுக்குத்தான் அது சுற்றி வளைத்துப் போயிற்று!

"சிட்டிசன்ஸ் அட்வைஸ்" என்ற பொது நலச் சங்கம் அந்த ஆண்டின் நிலையைக் கணக்கிட்டது. 2022-ல் மட்டும் 32 லட்சம் பேர் மீட்டரில் பணம் தீர்ந்து இருட்டிலோ குளிரிலோ இருக்க நேர்ந்தது என்று அது கூறியது. அதாவது, 10 விநாடிக்கு ஒருவர்!

மின்சாரம் நின்றால் விளக்கு மட்டுமா அணைகிறது? நீரிழிவு நோயாளியின் இன்சுலின் மருந்து இருக்கும் குளிர்ப் பெட்டி நிற்கிறது. மூச்சுத் திணறல் உள்ளவருக்கு ஆக்சிஜன் தரும் கருவி நிற்கிறது. பால் புட்டியைச் சூடாக்க முடியாது. பள்ளிக்குப் போகும் பிள்ளையின் ஈரத் துணி காயாது.

3 நிமிடம், 51 விநாடி

"வேண்டாம்" என்று சொல்பவர் வீட்டில் இந்த மீட்டரை வைக்க முடியுமா? முடியும்!

1954-ம் ஆண்டிலேயே அதற்கு ஒரு சட்டம் செய்து வைத்திருக்கிறார்கள். பாக்கி வைத்தவர் வீட்டில் நுழைய, மாஜிஸ்திரேட்டிடம் கம்பெனி வாரண்டு வாங்கலாம். பூட்டுத் திறப்பவரை அழைத்து வந்து கதவைத் திறந்து, பழைய மீட்டரை எடுத்துவிட்டு முன்பண மீட்டரை வைத்துவிடலாம்.

மாஜிஸ்திரேட்டு ஒவ்வொரு வழக்கையும் விசாரித்துத்தானே உத்தரவு போடுவார் என்று கேட்கலாம். வட இங்கிலாந்தில் ஒரு கோர்ட்டில் நடந்ததை 2022 டிசம்பரில் ஒரு பத்திரிகை அம்பலப்படுத்தியது. 496 வாரண்டுகளுக்கு ஒரே மூச்சில் அனுமதி கிடைத்தது. அதற்குப் பிடித்த நேரம் 3 நிமிடம், 51 விநாடி!

ஒரு வீட்டுக்கு அரை விநாடிகூட இல்லை. அந்த வீட்டில் கிழவர் இருக்கிறாரா, கைக்குழந்தை இருக்கிறதா என்று கேட்க ஏது நேரம்?

2022-ல் இப்படி வாரண்டு வாங்கி ஏறத்தாழ 94 ஆயிரம் மீட்டர்கள் பலவந்தமாக வைக்கப்பட்டன.

"ஸ்மார்ட் மீட்டர்" என்ற புதுவகை மீட்டர் உள்ள வீடுகளில் இந்தச் சிரமமும் இல்லை. வாரண்டு வேண்டாம், பூட்டுத் திறப்பவர் வேண்டாம். கம்பெனி அலுவலகத்தில் உட்கார்ந்தபடியே ஒரு பொத்தானைத் தட்டினால் போதும். பின்பண மீட்டர் முன்பண மீட்டராக மாறிவிடும்!

2023 பிப்ரவரி மாதத் தொடக்கத்தில் லண்டன் "டைம்ஸ்" பத்திரிகை ஒரு செய்தி வெளியிட்டது. அதன் நிருபர் ஒருவர், "பிரிட்டிஷ் கியாஸ்" கம்பெனிக்காகப் பாக்கி வசூலிக்கும் ஏஜென்சியில் ரகசியமாக வேலைக்குச் சேர்ந்து, கண்ணால் கண்டதை எழுதினார். ஊனமுற்றோர் வீட்டிலும், நாலு வாரக் குழந்தையை வைத்திருந்த தாயின் வீட்டிலும்கூட இந்த மீட்டர்கள் வைக்கப்பட்டதாக அந்தச் செய்தி கூறியது.

நாடே கொதித்தது. கம்பெனியின் தலைவர் மன்னிப்புக் கேட்டார். கட்டாயமாக மீட்டர் வைப்பதை எல்லாக் கம்பெனிகளும் நிறுத்த வேண்டும் என்று ஆப்ஜெம் சொன்னது. பிப்ரவரி 6-ந் தேதி மூத்த நீதிபதி எடிஸ் பிரபு, இங்கிலாந்திலும் வேல்சிலும் உள்ள மாஜிஸ்திரேட்டு கோர்ட்டுகள் இந்த வாரண்டு மனுக்களை எடுத்துக்கொள்ளக் கூடாது என்று உத்தரவு போட்டார்.

விலை சமமாயிற்று

அதற்குப் பிறகு காரியங்கள் வேகமாக நடந்தன.

2023 மார்ச்சில் நிதி மந்திரி ஜெரிமி ஹண்ட், முன்பண மீட்டர்காரர்களிடம் இனி அதிக விலை வாங்கக் கூடாது என்று பட்ஜெட்டில் அறிவித்தார். ஜூலை 1-ந் தேதி அது அமலுக்கு வந்தது. ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்குச் சராசரி 45 பவுண்டு மிச்சம் என்று சொன்னார்கள். முதலில் அந்தப் பணத்தை அரசாங்கம் கொடுத்தது.

2024 ஏப்ரலிலிருந்து இது நிரந்தர ஏற்பாடு ஆயிற்று. பாங்கி மூலம் கட்டுபவர்கள் ஆண்டுக்குப் பத்து பவுண்டு அதிகம் கொடுக்கிறார்கள். அதனால் முன்பண மீட்டர்காரர்களுக்கு ஏறத்தாழ 49 பவுண்டு குறைந்தது. வசதி உள்ளவர் மீது பத்து பவுண்டுப் பாரம். இதைச் செய்ய 130 ஆண்டு பிடித்தது என்பதுதான் வேடிக்கை!

2023 நவம்பரில் புது விதிகளும் வந்தன. உதவிக்கு ஆள் இல்லாத 75 வயதுக்கு மேற்பட்டவர் வீட்டிலும், 2 வயதுக்குக் குறைந்த குழந்தை உள்ள வீட்டிலும், மின்சாரக் கருவியை நம்பி உயிர் வாழும் நோயாளி வீட்டிலும் கட்டாயமாக மீட்டர் வைக்கக் கூடாது. ஆனால், அந்த விதிகளை ஏற்றுக்கொண்ட கம்பெனிகள் மற்ற வீடுகளில் மறுபடியும் வைக்கலாம். 2024 ஜனவரியில் சில கம்பெனிகளுக்கு அந்த அனுமதியும் கிடைத்தது. 1954-ம் ஆண்டுச் சட்டம் அப்படியேதான் இருக்கிறது.

2025 மே மாதத்தில் எட்டுக் கம்பெனிகள், தவறாக நடத்தப்பட்ட சுமார் 40 ஆயிரம் பேருக்கு நஷ்ட ஈடாக 56 லட்சம் பவுண்டு கொடுக்க ஏற்பாடாயிற்று. பழைய பாக்கியிலும் பெருந்தொகை தள்ளுபடி செய்யப்பட்டது.

தண்ணீருக்கு ஒரு நீதி

இதே பிரிட்டனில் தண்ணீருக்கும் முன்பண மீட்டர் வைத்துப் பார்த்தார்கள். பணம் தீர்ந்தால் தண்ணீர்க் குழாய் அடைத்துக்கொள்ளும்! நகரசபைகள் சில கோர்ட்டுக்குப் போயின. முறைப்படி அறிவிப்பு இல்லாமல் தானாகவே தண்ணீரை நிறுத்துவது சட்ட விரோதம் என்று 1998-ல் தீர்ப்பு வந்தது. அடுத்த ஆண்டே பார்லிமெண்டு சட்டம் செய்தது. இங்கிலாந்திலும் வேல்சிலும், கட்டணம் கட்டவில்லை என்பதற்காக எந்த வீட்டின் தண்ணீரையும் இன்று நிறுத்த முடியாது. அதனால் தண்ணீர்க் கம்பெனிகள் மூடப்பட்டுவிடவில்லை.

உறைபனிக் குளிரில் கணப்பும் தண்ணீரைப் போல அவசியம்தான் என்று வாதாடுபவர்களுக்கு இந்தத் தீர்ப்பு ஒரு பெரிய ஆயுதம். ஆனால், மின்சாரத்துக்கும் கியாசுக்கும் அப்படி ஒரு சட்டம் இன்னும் வரவில்லை.

எரிக்காத நாளுக்கும் காசு

விலை சமமாகிவிட்டது, இனி என்ன குறை என்று கேட்கலாம்.

"நிலைக் கட்டணம்" என்று ஒன்று உண்டு. கம்பி, குழாய் முதலியவற்றின் பராமரிப்புக்காக வாங்கும் தினக் கட்டணம் அது. ஒன்றுமே எரிக்காவிட்டாலும் கொடுத்தாக வேண்டும். 2024 ஏப்ரலில் மின்சாரத்துக்கு நாள் ஒன்றுக்குச் சராசரி 60 பென்ஸ். கியாசுக்கு 31 பென்ஸ். ஒரு பவுண்டுக்கு 100 பென்ஸ். ஆக, காலையில் கண் விழிப்பதற்கு முன்பே ஏறத்தாழ ஒரு பவுண்டு போய்விடுகிறது!

பங்களாவில் இருப்பவருக்கும் அதே கட்டணம், ஒற்றை அறையில் இருப்பவருக்கும் அதே கட்டணம். பெரிய வீட்டின் பில்லில் அது கண்ணுக்கே தெரியாது. சிக்கனமாக இருக்கும் ஏழையின் பில்லில் அதுவே பெரும் பகுதி.

சந்தையில் மலிவு விலைத் திட்டங்கள் பல இருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை பாங்கி மூலம் கட்டுபவர்களுக்குத்தான். முன்பண மீட்டர்காரர் எட்டிப் பார்க்கலாம், உள்ளே நுழைய முடியாது.

மீட்டர் பூஜ்யத்தில் நின்றாலும் நிலைக் கட்டணம் நிற்பதில்லை. வெயில் காலத்தில் வீட்டுக்காரி கியாஸ் கணப்பைத் தொடவே மாட்டாள். "காசு மிச்சம்" என்று அட்டையையும் எடுத்து வைத்துவிடுவாள். நாள்தோறும் 31 பென்ஸ் வீதம் 100 நாளைக்கு 31 பவுண்டு பாக்கி ஏறிவிடும். செப்டம்பர் கடைசியில் முதல் குளிர் காற்று வீசும். குழந்தைக்கு இருமல் வரும். அவள் கடைக்கு ஓடிப்போய் 10 பவுண்டு போட்டு, அட்டையைக் கொண்டுவந்து மீட்டரில் செருகுவாள்.

கணப்பு எரியாது. இன்னும் 21 பவுண்டு பாக்கி!